முதற் பேழையை எங்கே மறைப்பது?

மறைத்த பொருளைத் தேடிக் காண்டலில் மக்கட்கு இயல்பாகவே ஓர் இன்பம் உண்டு. சிறார் ஆடும் கண்ணாமூச்சியும், மணற்கரையினுள் துரும்பை ஒளித்துக் கைகோத்துப் பொத்தும் கிச்சுக்கிச்சுத் தாம்பாளமும் இவ்வின்பத்தின்மேல் எழுந்த விளையாட்டுக்களே. அவ்வினத்தைச் சார்ந்ததுதான் இன்று உலகின் பல நாடுகளிலும் பரவியுள்ள ‘ஜியோகேஷிங்’ என்பதும். ஒருவர் நீர்புகாத பெட்டியொன்றனுள் கையொப்பச் சுவடியை இட்டு, யாதானுமோர் இடத்து மறைத்து, அவ்விடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளை இணையத்தில் வெளியிடுவர். பிறர் செயற்கைக்கோள்களின் துணையால் இடமறியும் கருவியையோ கைபேசியையோ ஏந்திச் சென்று, பெட்டியைக் கண்டு, சுவடியிற் பெயரெழுதி, முன்போலவே மறைத்து மீள்வர். இப்பெட்டியை ஈண்டு ‘பேழை’ என வழங்குவேன். இத்தகைய பேழைகள் உலகெங்கும் முப்பது இலக்கத்திற்கு மேல் உள்ளன.

பேழையைத் தேடுவோர்க்கு வேண்டுவன காலும் கண்ணும் பொறுமையுமே. மறைப்போர்க்கோ இவற்றின்மேலும் ஒன்று வேண்டும். அஃதாவது, இடமறிந்து தேரும் அறிவு. முதன்முதற் பேழை மறைக்கப் புகுவோர் பெரும்பாலும், ‘எவரும் காணவொண்ணாத இடம் எது?’ என்றே உசாவுகின்றனர். இவ்வினா பிழைபட்டது என்பதும், ‘பிறர் வந்து காணத்தக்க இடம் எது?’ என்பதே கேட்கத்தக்க வினா என்பதும் என் கருத்து. அதனை நிறுவுதற்கு இவ்விளையாட்டின் தோற்றத்தினின்றே தொடங்குவேன்.

இங்கிலாந்தின் டார்ட்மூர் என்னும் மேட்டுநிலத்தில், 1854ஆம் ஆண்டில், ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி கிரான்மியர் குளத்தருகே ஒரு சீசாவை வைத்தார். சேறும் புல்லும் மண்டிய அந்நெடுவழியை நடந்து கடந்தோர் தம் பெயர்ச்சீட்டை அதனுள் இட்டு மீண்டனர். சீசாவைக் காண்டல் அரிதன்று. அதனை வைத்த இடத்தை அடைதலே அரிது. இதன் வழிவந்த விளையாட்டு அந்நிலத்தில் இன்றும் வழங்குகின்றது.

2000 மே மாதம் முதல் நாள், அமெரிக்க அரசு, பொதுமக்கள் பெறும் செயற்கைக்கோட் குறிப்புக்களில் தான் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை ஒழிப்பதாக அறிவித்தது. அதுகாறும் நூறு மீட்டரளவும் பிழைபடக் காட்டிய கருவிகள், அதன்பின் பத்து இருபது மீட்டருள் இடஞ் சுட்டலாயின. அம்மாதம் 3ஆம் நாளே, ஆரிகன் மாநிலத்துப் பீவர்கிரீக் என்னும் ஊர்க்கு அணித்தாக, டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டுவழி ஓரத்தே வைத்து, வடக்கு 45 பாகை 17.460 கலை, மேற்கு 122 பாகை 24.800 கலை என அதன் இருப்பிடத்தை இணையவழி அறிவித்தார். வாளியினுள் நூல்கள், பணம், கவண், அவரைவிதை அடைத்த தகரக் குவளை முதலியன இருந்தன. சில நாட்களுள் மைக் டீக் என்பவர் அதனைக் கண்டெடுத்தார். அம்மாத இறுதியில் மாட் ஸ்டம் என்பவர் இவ்விளையாட்டிற்கு இன்றுள்ள பெயரை மொழிந்தார்.

இனி, இவ்வரலாற்றில் நகைக்கத்தக்கதொரு செய்தி உளது. அல்மர் தம் வாளியைப் பாதியளவு மண்ணிற் புதைத்தார். உணவுப் பொருளையும் உள்ளிட்டார். இன்றைய விதிகளோ நிலத்தை அகழ்ந்து புதைத்தலையும் உணவு வைத்தலையும் விலக்குகின்றன. எனவே, பேழைகட்கெல்லாம் முன்னோனாகிய அவ்வாளியை ஒருவர் இன்று முன்போலவே வைப்பின், அதனை ஆராயும் தொண்டர்கள் ஏலாதென மறுப்பர். மறைப்போர் ஒருவராயிருந்தபோது தீங்கு விளையாத செயல், மறைப்போர் இலக்கக்கணக்கினரானபோது தீங்காய் முடிந்தது. முடியவே, விதிகள் தோன்றின. உணவின் மணத்தை விலங்குகள் அறிந்து பெட்டியைக் கடித்துடைக்கும். ஒருவர் ஓரிடத்தை அகழ, அதனைக் கேள்வியுற்ற மற்றவர் தேடுமிடந்தோறும் அகழ்வர். விதியென்பது விளையாட்டின்பத்தைக் குறைக்க வந்ததன்று என்பதை மறைப்போர் முதலிற் கொள்ளல் வேண்டும்.

தமிழ் பயில்வார்க்கு, இடந்தேர்தல் என்றவுடன் அகப்பொருள் இலக்கணத்துக் குறியிடம் நினைவிற்கு வாராமற் போகாது. களவொழுக்கத்தில் தலைவனும் தலைவியும் சந்திக்கும் இடத்தைக் கூறும் உரிமை யாருடையது? அதனைத் தலைவிக்கே உரியதாக்குவர் தொல்காப்பியர். தலைவன் வேற்றிடத்தான், தலைவியோ அந்நிலத்திற் பிறந்து வளர்ந்தவள், எவ்வழி செல்லலாம், எவ்வழி செல்லலாகாது, எப்பொழுது யார் வருவர் என்பனவெல்லாம் அறிந்தவள். பகற்குறி மனையின் எல்லைக்குப் புறத்தே, அவள் அறிந்த வழியில் அமையும்; இரவுக்குறி மனையகம் புகாது, ஆயினும் மனையோர் பேச்சுக் கேட்கும் அணுமைக்கண் அமையும். மறைவும் வேண்டும், அச்சமின்மையும் வேண்டும் என்னும் இரண்டனையும் ஒருங்கு நோக்கி வகுத்த இலக்கணம் இது.

பேழை மறைப்பார்க்கும் இவ்விலக்கணம் பொருந்துமாறு காண்க. இடத்தைக் கூறத்தக்கார் அந்நிலத்தை அறிந்தாரே. விடுமுறையில் ஒருநாட் சென்ற ஊரில் பேழை வைத்து வருதல், நிலமறியாதார் குறியிடம் சொல்லுதலை ஒக்கும். மழைக்காலத்தில் அவ்விடம் நீரில் மூழ்குமா, இலையுதிர்ந்தபின் பெட்டி வெளிப்பட்டுத் தோன்றுமா, மாலையில் அங்கே யார் கூடுவர் என்பவற்றை அவர் யாங்ஙனம் அறிவர்? அன்றியும், பேழை வைப்பதோடு கடமை முடிவதில்லை. சுவடி நனையும், மூடி உடையும், பெட்டி காணாமலும் போகும். அவ்வப்போது சென்று செப்பஞ்செய்தல் வைத்தார் கடனே. ஆதலின், முதற் பேழை தம் இல்லத்தினின்று நடந்து செல்லும் தொலைவில் இருத்தலே தக்கது.

இனி, ‘அல்லகுறிப்படுதல்’ என்றும் ஒரு துறை உண்டு. இயற்கையில் எழுந்த ஓசையைத் தலைவன் செய்த குறியெனக் கருதித் தலைவி சென்று, அவனைக் காணாது வருந்தி மீளுதல் அது. பேழை தேடுவோர்க்கும் அல்லகுறி உண்டு; அதற்குக் காரணர் பெரும்பாலும் மறைத்தவரே. செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தினின்று அனுப்பும் மெல்லிய குறிப்புக்கள், அடர்ந்த தழையினூடே நலியும். உயர்ந்த கட்டிடத்திலும் பாறைச்சுவரிலும் பட்டுத் திரும்பிக் கருவியை மயக்கும். திறந்த வானத்தின்கீழும் கைபேசி ஏறத்தாழ ஐந்து மீட்டரளவு பிழைபடுதல் இயல்பு. அட்சரேகைக் கலையின் ஆயிரத்தொரு கூறு நிலத்தில் 1.85 மீட்டரே ஆதலின், எழுதும் எண்ணில் ஈற்றிலக்கத்தின்முன் ஓரிலக்கம் பிறழினும் தேடுவோர் பதினெட்டு மீட்டர் விலகிப் புதர்களைக் கலைத்துக்கொண்டிருப்பர். மறைப்போர் வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு பொழுதுகளில் அளந்து சராசரி கண்டு வெளியிடல் வேண்டும். வானம் சிறிதும் தோன்றாத இடத்தை முதற் பேழைக்குக் கொள்ளாமை அதனினும் நன்று.

பொதுப்பட உரைத்தவற்றை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். இங்கிலாந்தின் வடபாலுள்ள சிற்றூரொன்றைக் கருதுக. ஊர்ப்புறத்தே ஓர் ஒற்றையடிப்பாதை. அதன் ஒருமருங்கு சாந்தின்றிக் கல்லடுக்கிய பழைய மதில். சிறிது சேய்மையில் பொந்துடைய முதுமரம். ஊர்நடுவே பள்ளியின் விளையாட்டு வெளி. பாதையின் முடிவிலே குன்றேறிய திருப்பமொன்றும், அதனருகே வீழ்ந்துகிடக்கும் அடிமரமும். முதற் பேழை வைக்க விரும்பும் ஓர் இளைஞர்க்கு இந்நான்கும் தோன்றும். இவற்றுள் எது தக்கது?

கன்மதிலின் இடுக்கு, கண்டவுடன் மனத்தைக் கவரும். ஆயினும் மதிலில் இடுக்குக்கள் ஆயிரம். இருபதின்மர் வந்து ஒவ்வொரு கல்லாக அசைத்துப் பார்ப்பின், பல தலைமுறையாக நின்ற மதில் சரியும், ஆடுகள் வெளியேறும், உழவர் இழப்பெய்துவர். அந்நாட்டுப் பேழை விளையாட்டினரும் இவ்வகை மதில்களை விலக்குதல் இதனாலேயே. மரப்பொந்து வெளவாலுக்கும் பறவைக்கும் உறையுள். பிரிட்டனில் வெளவால்களின் உறைவிடத்தைக் குலைத்தல் சட்டப்படி குற்றமுமாம். பள்ளியின் விளையாட்டு வெளியோ, அயலார் ஒருவர் அடிக்கடி வந்து குனிந்து துழாவுதற்குத் தக்க இடமன்று; சிறுவரைப் பெற்றோர் ஐயுறுவர்; ஐயுறுதல் அவர் கடமையுமாம்.

எஞ்சியது குன்றின் திருப்பம். ஆண்டு நின்றால் பள்ளத்தாக்கு முழுதும் தோன்றும். வருவோர் அடிமரத்தின்மேல் அமர்ந்து இளைப்பாறலாம். வழிப்போக்கர் எவரேனும் கடந்துசெல்லும்வரை காத்திருத்தற்கும் அஃது ஏற்றதோர் ஏதுவாகும். பெட்டி பாதையினின்று இரண்டடி தொலைவிலேயே இருத்தலின், தேடுவோர் செடிகொடிகளை மிதித்துப் புதுத்தடம் உண்டாக்கார். அடிமரம் ஒன்றேயாதலின், வேறெதனையும் கலைக்க வேண்டுவதின்று. எனினும், பாதையிற் பொதுமக்கட்கு உள்ளது நடந்து செல்லும் உரிமையே, நிலம் பிறரது. ஆகலின், நிலத்துக்குரியாரிடம் சென்று, இன்னது வைப்பேன், இவ்வாறு தேடுவர் என விளங்கச் சொல்லி இசைவு பெறல் வேண்டும். பிறிதொரு பேழை அண்மையில் உளதா எனவும் நோக்கல் வேண்டும். இரு பேழைகட்கிடையே 161 மீட்டரேனும் இருத்தல் விதி. இவ்வளவும் நிரம்பின் அவ்விளைஞரின் முதற் பேழை நல்லிடம் பெற்றதாகும்.

ஈண்டு ஒருசாரார் மறுப்பர். ‘அரிதிற் காண்பதன்றோ இன்பம்? எளிதிற் கிடைப்பதில் என்ன சுவை?’ என்பர். அருமை இன்பந்தரும் என்பதை யானும் உடன்படுகின்றேன். அதனாலன்றோ தேடுதற்கருமை ஒன்று, நிலத்தின் அருமை ஒன்று என இரண்டாகப் பகுத்து, ஒவ்வொன்றற்கும் ஒன்று முதல் ஐந்து வரை படியும் வகுத்துள்ளனர்! தேடுவோர் தம் ஆற்றலுக்கேற்ற படியைத் தாமே தெரிந்துகொள்வர். ஆனால் அருமையிலும் இருவகை உண்டு. அறிவால் வெல்லத்தக்க அருமை ஒன்று. சலிப்பால் மட்டுமே வெல்லத்தக்க அருமை மற்றொன்று. கற்குவியலொன்றில் விரற்கடையளவான குப்பியைச் செருகிவிட்டு, ‘கண்டுபிடிமின்’ எனல் பின்னது. அதனைக் காண்பார் நுண்ணறிவினரல்லர். எல்லாக் கற்களையும் புரட்டினவரே. அக்குவியலில் வாழும் பல்லியும் பாசியும் அதற்கு விலை கொடுக்கின்றன.

இதற்கு மறுதலையான குறையும் உண்டு. அமெரிக்க நாட்டில் கடைத்தெரு வண்டி நிறுத்துமிடங்களில் விளக்குக் கம்பங்களின் அடியைச் சூழ்ந்து ஓர் உலோக மூடி இருக்கும்; அதனைத் தூக்கி அதனடியிற் சிறு குப்பி வைத்தல் அங்கே பெருவழக்கு. காண்டல் எளிது, எண்ணிக்கை பெருக்குவார்க்கு உவப்பானது. ஆயின், ‘இவ்விடத்திற்கு என்னை ஏன் அழைத்தாய்?’ என்று வந்தவர் கேட்பின், மறைத்தவர் என்ன விடை கூறுவர்? அருமையும் எளிமையும் பேழையின் தகுதியை முடிவு செய்யா. அவ்வினாவிற்கு விடை உண்மையே முடிவு செய்யும். பழங்கதையுடைய ஒரு பாலமோ, மாலையொளியில் அழகுறும் ஓர் ஏரிக்கரையோ, ஊரார்க்கன்றிப் பிறர்க்குத் தெரியாத ஒரு நீரூற்றோ விடையாகலாம்.

இடந்தேர்தலில் நேரும் பிழை சலிப்போடு நிற்பதில்லை. 2011 ஜூலை மாதத்தில், இங்கிலாந்தின் வெதர்பி என்னும் ஊரில், உணவு விடுதியொன்றன் புறத்தே இருந்த பேழையைக் கண்டோர் வெடிகுண்டென அஞ்சினர். தெரு அடைக்கப்பட்டது, படைத்துறையினர் வந்து அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். உள்ளிருந்தவை விளையாட்டுப் பொருள்களே. பெட்டியின்மேல் அஃது இன்னதென்று தெளிவாக எழுதுதலும், உள்ளீடு தோன்றும் பெட்டியைக் கொள்ளுதலும், மக்கள் நெருங்கிய தெருவையும் பாலத்தையும் அரசு நிலையங்களையும் விலக்குதலும் இத்தகைய அச்சத்தைத் தடுக்கும். இருப்புப்பாதை நிலையந்தோறும் ‘கேட்பாரற்ற பொருளைத் தொடாதீர்’ என ஒலிபெருக்கி எச்சரிக்கும் நம் நாட்டில் இஃது இன்னும் இன்றியமையாதது. நம் கல்லூரி வளாகத்துள் நண்பர் எவரேனும் பேழை வைக்க எண்ணின், கல்லூரித் தலைவரது இசைவு பெறுதலோடு, வாயிற்காவலர்க்கும் தோட்டக்காரர்க்கும் அதனைக் காட்டி வைத்தலே முறை. முன்னவர் இசைவை ஏட்டிற் பெறலாம்; பெட்டியைக் கண்டு திடுக்கிடப் போகின்றவர் பின்னவரே.

இதனினும் கொடியதொன்று 2018 ஜூன் மாதத்தில் பிராகா நகரில் நிகழ்ந்தது. நிலத்தடி நீர்வழியொன்றனுள் பேழை தேடப் புகுந்த நால்வரைத் திடீர் மழையால் எழுந்த வெள்ளம் அடித்துச் சென்றது. இருவர் உயிரிழந்தனர். தேடப் புகுவோர் தம் உயிர்க்குத் தாமே பொறுப்பாளர் என்பது உண்மையே. ஆயினும், ‘இங்கே வா’ என்று அழைத்தவர்க்கு அதில் யாதொரு பங்கும் இல்லையெனச் சொல்லிவிட முடியுமோ? முகமறியாத ஒருவர் நம் சொல்லை நம்பி வருகின்றார். அவர் தனித்து வரலாம், இருட்டில் வரலாம், சிறு மகவைக் கைப்பிடித்து அழைத்தும் வரலாம். வைத்த நாளின் நல்வானிலையை மட்டும் எண்ணாது, வரக்கூடிய தீய நாளையும் எண்ணி இடந்தேர்தல் வேண்டும். முதற் பேழை வைப்பவர் நீர்வழி, சுரங்கம், செங்குத்துப் பாறை, இருப்புப்பாதை ஆகியவற்றை அறவே நீக்குக.

ஆகவே, பேழை மறைக்க விரும்பும் நண்பர்காள்! முதலில் பிறர் மறைத்தவற்றுள் பலவற்றைத் தேடிக் காண்மின். எது உங்களை மகிழ்வித்தது, எது சலிப்பித்தது, எது அஞ்சுவித்தது எனக் குறித்து வைமின். பின்பு உங்களூரில், நீங்கள் நன்கறிந்த, நீங்களே விரும்பிச் செல்லும் ஓரிடத்தை எண்ணுமின். நிலம் யாருடையது, எதற்கேனும் ஊறு நேருமோ, வருவோர் எதனைக் கண்டு மகிழ்வர் என மூன்று வினாக்களைக் கேண்மின். மூன்றற்கும் நல்விடை கிடைப்பின் பெட்டியைப் பற்றி எண்ணலாம். மூடி இறுகப் பொருந்தும் பெட்டியும், நனையாத சுவடியும், ஒரு கரிக்கோலும் போதும். வைத்தபின் ஒரு திங்கள் கழித்துச் சென்று பாருங்கள். மழையும் எறும்பும் உங்கள் தேர்வைப்பற்றிச் சொல்லும் தீர்ப்பு அங்கே இருக்கும்.

இவ்விளையாட்டில் என்னை மிகவும் கவர்ந்தது ஒன்று. பேழைக்குப் பூட்டில்லை, காவலில்லை. உள்ளிருக்கும் சிறுபொருளை எடுப்பவர் அதற்கு ஒப்பானதையோ மிக்கதையோ வைத்தல் வேண்டும் என்னும் வழக்கம் ஒன்றே உண்டு. அதனைப் பார்த்திருந்து ஒறுப்பார் எவருமில்லை. ஆயினும், 2000 மே மாதம் 11ஆம் நாள் கான்சாஸ் மாநிலத்து மிங்கோவில் வைத்த பேழையை இருபதாண்டிற்கு மேலாக மக்கள் தேடி வந்திருக்கின்றனர். ஒருவரையொருவர் அறியாத ஆயிரக்கணக்கானோர் அதன் சுவடியிற் பெயரெழுதி, மூடியைத் திருத்தி மூடி, இருந்தவாறே வைத்துச் சென்றுள்ளனர். இத்துணைப் பேர் காக்கும் நம்பிக்கையைத் தாங்கத்தக்க இடத்தைத் தேடி ஓரிரு வாரம் அலைதல், மறைப்பவர்க்கு மிகையான உழைப்பாகாது.